எதிர்காற்றின் கணக்கு: ராமநாதபுரம் கடற்கரையில் மின்சாரக் கார்

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர். மலை இல்லை, கொண்டை ஊசி வளைவு இல்லை. மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம் என்று தட்டையான நிலத்திலேயே ஓடும் சாலை, பாம்பன் பாலத்தில் மட்டும் சற்று உயர்ந்து இறங்குகிறது. மின்சாரக் காருக்கு இதைவிட எளிய பாதை இருக்க முடியாது என்றுதான் தோன்றும். ஆனாலும் ஒரே கார் முழு சார்ஜுடன் கிளம்பி, ஒரு நாள் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம் வைத்து ராமேஸ்வரம் போய்ச் சேர்கிறது. இன்னொரு நாள் மண்டபம் வருவதற்குள்ளேயே சார்ஜ் போட இடம் தேட வைக்கிறது. பேட்டரியில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே இது நடக்கும். காரணத்தைப் பெரும்பாலும் காருக்கு வெளியே, காற்றில்தான் தேட வேண்டும்.

கணக்கைத் தொடங்க, வீட்டு மின்கட்டணத்தில் நாம் பார்க்கும் யூனிட்டே போதும். ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி, அதாவது ஆயிரம் வாட் மணி. கார் பேட்டரியின் கொள்ளளவும் அதே அலகில்தான் சொல்லப்படுகிறது. நம் சாலைகளில் ஓடும் சிறிய மின்சாரக் கார் ஒன்றின் பேட்டரியில் 30 யூனிட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் ஆற்றல் அடங்கியிருக்கிறது. ஆகவே அந்தப் பேட்டரி முழுவதும் சேர்ந்து மூன்றரை லிட்டர் பெட்ரோலுக்குக்கூடச் சமமில்லை. அவ்வளவு சொற்ப ஆற்றலை வைத்துக்கொண்டு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓட முடிவது, பேட்டரியிலிருந்து எடுத்ததில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் மோட்டார் சக்கரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதால்தான். பெட்ரோல் எஞ்சினோ சாதாரண ஓட்டத்தில் தனக்குக் கிடைத்ததில் முக்கால் பங்கை ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெப்பமாக வெளியே விட்டுவிடுகிறது.

மின்சாரக் காரின் தூரம் நாளுக்கு நாள் மாறுவதாகத் தோன்றுவதற்கும் இந்தத் திறனே காரணம். ஓட்டை விழுந்த தொட்டியில் ஒரு சொம்புத் தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஓட்டையில்லாத சிறு குடத்தில் உடனே தெரிந்துவிடும். எதிர்காற்றும் ஏசியும் பெட்ரோல் காரையும் தடுக்கத்தான் செய்கின்றன. ஆனால் அதில் எஞ்சினின் சொந்த இழப்பே மிகப் பெரிது என்பதால், இவை கூடுதலாகக் கேட்பது அதற்குள் மறைந்துபோகிறது.

சமதளத்தில் சீரான வேகத்தில் போகும் காரை இரண்டு தடைகள் பிடித்து இழுக்கின்றன. முதலாவது, டயர் உருளும்போது நசுங்கி விரிவதால் உண்டாகும் உருள் தடை. ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள காருக்கு, நல்ல தார்ச் சாலையில், இது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 41 வாட் மணி கேட்கிறது. வேகம் கூடினாலும் இதில் பெரிய மாற்றமில்லை. இரண்டாவது, காற்றுத் தடை. இது வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. நம் காருக்குக் கணக்கிட்டால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கிலோமீட்டருக்கு 34 வாட் மணி, 80இல் 60, 100இல் 93. மோட்டார், கியர் ஆகியவற்றின் இழப்பையும், ஏசிக்கும் விளக்குகளுக்கும் மற்றவற்றுக்கும் சேர்த்து 1.2 கிலோவாட்டையும் கூட்டிக்கொண்டால், பேட்டரியிலிருந்து போவது 60இல் கிலோமீட்டருக்கு 106 வாட் மணி, 80இல் 131, 100இல் 166 என்று வரும்.

பெட்ரோல் காருக்கு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டுப் பழகிய நமக்கு இதை யூனிட் கணக்கில் சொன்னால் எளிதாகப் பிடிபடும்: 60இல் யூனிட்டுக்கு 9.4 கிலோமீட்டர், 80இல் 7.6, 100இல் 6. மதுரையிலிருந்து ராமேஸ்வரம் வரை 60இல் போனால் 18 யூனிட் செலவு. 100இல் போனால் 28 யூனிட். 80க்குப் பதில் 100இல் போனால் முழுத் தூரத்துக்கும் மிச்சமாவது 25 நிமிடம். அதற்குக் கூடுதலாகக் கொடுப்பது 6 யூனிட். அந்த 6 யூனிட்டைச் சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் திரும்ப ஏற்ற இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நெடுஞ்சாலையில் மின்சாரக் காரை விரட்டுவதை நான் ஏற்காததற்கு இந்த ஒரு கணக்கே போதுமான காரணம்.

விளம்பரத்தில் வரும் தூரம் இதைவிட மிகப் பெரிதாக இருப்பதில் ஏமாற்று எதுவும் இல்லை. அது அளக்கப்படும் விதம் வேறு. புணேயில் உள்ள வாகன ஆய்வு நிறுவனமான ஏ.ஆர்.ஏ.ஐ. போன்றவற்றில் காரை உருளைகளின் மேல் நிறுத்தி, வகுத்துவைத்த ஓட்டமுறைப்படி வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுகிறார்கள். அந்த இந்திய ஓட்டமுறையில் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர், அதுவும் சிறிது நேரம்தான். பெரும்பகுதி நகரப் போக்குவரத்தை ஒத்த மெதுவான ஓட்டம். ஏசி ஓடுவதில்லை. கடற்காற்றும் கிடையாது. 2020இல் வெளிவந்த டாடா நெக்ஸான் மின்சாரக் காரின் 30.2 யூனிட் பேட்டரிக்குச் சான்றளிக்கப்பட்ட தூரம் 312 கிலோமீட்டர், அதாவது யூனிட்டுக்கு 10 கிலோமீட்டருக்குச் சற்று மேல். மேலே கண்ட கணக்கில் 60இல் கிடைக்கும் 9.4க்கு அது வெகு தொலைவில் இல்லை என்பதைக் கவனிக்கலாம். விலகல் வேகத்தோடு வளர்கிறது.

இனி காற்று. காருக்குப் படும் தடை, சாலையைப் பொறுத்த வேகத்தால் வருவதல்ல; காற்றைப் பொறுத்த வேகத்தால் வருவது. எதிரே மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும்போது 60இல் போகும் கார், காற்றின் கணக்கில் 85இல் போகிறது, தடை இரட்டிப்பாகிறது. அதே காற்று பின்னாலிருந்து வீசினால் காற்றின் கணக்கில் வேகம் 35தான். தடை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. யூனிட் கணக்கில், பின்காற்றில் 12.5 கிலோமீட்டர், எதிர்காற்றில் 7க்கும் சற்றுக் குறைவு. போகும்போது கிடைத்த லாபமும் வரும்போது பட்ட நட்டமும் சரிக்குச் சரியாகிவிடும் என்று நினைப்போம். அப்படி ஆவதில்லை. தடை வர்க்கத்தில் ஏறுவதால் நட்டம் எப்போதும் லாபத்தைவிடப் பெரிது. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கு 55 கிலோமீட்டர் போய்த் திரும்ப, காற்றில்லாத நாளில் 11.7 யூனிட், இந்தக் காற்றில் போக 4.4, வர 8, ஆக 12.4 யூனிட்.

இந்தக் கரையில் காற்று எப்போதாவது வரும் விருந்தாளி அல்ல. பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்கு அனுமதி கிடைக்காது என்பது, அந்தப் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில் இப்பகுதியில் பலரும் அறிந்த விதியாக இருந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் பலமாக வீசும். மழைக்காலத்திலும் அதையொட்டியும் வடகிழக்கிலிருந்து வாடை. ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் வழியாக ராமேஸ்வரம் செல்லும் சாலை ஏறக்குறைய கிழக்கு நோக்கியே போகிறது. ஆகவே ஜூலையில் போகும்போது காற்று சாய்வாகப் பின்னால் தள்ளும். திரும்பும்போது சாய்வாக முகத்தில் அறையும். டிசம்பரில் இது தலைகீழ். ராமேஸ்வரத்திலிருந்து, தனுஷ்கோடியைத் தாண்டித் தீவின் கோடியில் இருக்கும் அரிச்சல்முனை வரை சாலை தென்கிழக்காகத் திரும்பிவிடுவதால் இரண்டு பருவத்திலும் காற்று பக்கவாட்டில்தான் அடிக்கும். பக்கக் காற்றும் இலவசம் அல்ல. முன்பக்கம் காற்றைக் கிழிப்பதற்கென்று வடிக்கப்பட்ட உடல், பக்கவாட்டில் வரும் காற்றுக்கு அவ்வளவு நளினமாக வழிவிடுவதில்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. காரின் திரையில் தெரியும் மீதித் தூரம், சற்று முன் ஓடிய கிலோமீட்டர்களின் சராசரிச் செலவை வைத்துப் போடப்படும் மதிப்பீடு. எதிரே என்ன காற்று காத்திருக்கிறது என்பது பெரும்பாலான கார்களுக்குத் தெரியாது. ராமநாதபுரத்தில் முழு சார்ஜுடன் கிளம்பி அரிச்சல்முனை வரையான 75 கிலோமீட்டரையும் பின்காற்றிலேயே ஓடியதாக எளிமைப்படுத்திக்கொள்வோம். செலவு 6 யூனிட், மிச்சம் 24. திரை 300 கிலோமீட்டர் காட்டும். எதிர்காற்றில் அந்த 24 யூனிட்டுக்கு உண்மையில் கிடைப்பது 165 கிலோமீட்டர்தான். ராமநாதபுரம் திரும்ப அது தாராளம். அப்படியே மதுரை வரை போய்விடலாம் என்று திரையை நம்பிக் கிளம்பியவர், எதிர்காற்று தணியாவிட்டால் வழியில் தவிப்பார்.

காற்று எப்படி என்று அறியக் கருவி எதுவும் வேண்டாம். பாம்பன் சாலைப் பாலத்தின் மேலிருந்து கீழே பார்த்தால், நங்கூரமிட்ட படகுகளின் கொடிகள் எந்தப் பக்கம் விறைத்து நிற்கின்றன என்பதே சொல்லிவிடும். எதிர்காற்று என்று தெரிந்தால் 60ஐ 50 ஆக்குவது நல்ல பலன் தரும்: யூனிட்டுக்கு 6.9 கிடைத்த இடத்தில் 7.6 கிடைக்கும். கூரை மேல் மூட்டைகளைக் கட்டிக்கொண்டு வரும் யாத்திரைக் குடும்பங்களுக்கு இது இன்னும் பொருந்தும்; கூரைப் பொதி காற்றை மறிக்கும் பரப்பையும் கூட்டுகிறது, காரின் வடிவத்தையும் கெடுக்கிறது. முடிந்தவற்றைப் பின்பெட்டிக்குள் வைப்பதே மேல்.

பாலத்தின் ஏற்றத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. 10 மீட்டர் உயரம் ஏற நம் காருக்குச் சக்கரத்தில் ஆவது 41 வாட் மணி. இறங்கும்போது அதில் பெரும்பகுதி உருண்டோட்டமாகத் திரும்பிவிடும். பிரேக் பிடிக்கையில் மோட்டாரே மின்னாக்கியாக மாறி ஆற்றலைப் பேட்டரிக்கு அனுப்பும் வசதியும் இந்தச் சமதளத்தில் அவ்வப்போதுதான் பயன்படுகிறது. 60இல் ஓடும் காரின் இயக்க ஆற்றல் 58 வாட் மணி; ஒருமுறை நின்று மீண்டும் அதே வேகத்தை எட்டும்போது, மீட்டது போக ஏறத்தாழ 25 வாட் மணி, அதாவது கால் கிலோமீட்டர் தூரம், கைவிட்டுப் போகிறது. உச்சிப்புளியிலும் மண்டபத்திலும் வேகத்தடைகளைத் தொலைவிலேயே பார்த்துக் காலை எடுத்துவிடுவது, கடைசி நொடியில் அழுத்திப் பிடிப்பதைவிட நல்லது.

ஏசியின் செலவு இங்கே வேறு விதமானது. உள்நாட்டு வெயிலில் ஏசிக்குக் காற்றைக் குளிர வைப்பதுதான் முதன்மையான வேலை. கடற்கரையில் காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்தெடுப்பதும் அதன் தலையில் விழுகிறது. அக்னி தீர்த்தத்துக்கு அருகே ஏசியை ஓடவிட்டு நிற்கும் காரின் அடியில் பாருங்கள்: சொட்டுச் சொட்டாக விழுந்து தார் மேல் ஒரு சிறு குட்டை தேங்கியிருக்கும். ஆவியை ஒரு லிட்டர் நீராகக் குளிர்விக்க வெளியேற்ற வேண்டிய வெப்பம் 0.67 யூனிட், அதற்கு ஏசி எடுத்துக்கொள்ளும் மின்சாரம் சுமார் கால் யூனிட், அதாவது இரண்டு கிலோமீட்டருக்கும் மேல். வெளிக்காற்றை உள்ளே இழுக்காமல் உட்காற்றையே சுழலவிட்டால் இந்த வேலை வெகுவாகக் குறையும். 22 தீர்த்தங்களிலும் நீராடிவிட்டு ஈரத் துணியோடு காரில் ஏறினால் அந்த ஈரத்தையும் ஏசிதான் உறிஞ்ச வேண்டும். துணி மாற்றிவிட்டு ஏறுவது உடம்புக்கும் நல்லது, பேட்டரிக்கும் நல்லது. தனுஷ்கோடி வெயிலில் நின்ற காரில் ஏறியதும் கதவுகளைத் திறந்து வெந்த காற்றை வெளியேற்றிவிட்டு ஏசியைப் போட வேண்டும்.

அதே தனுஷ்கோடி சாலையில் காற்று வேறொன்றையும் செய்கிறது. இருபுறமும் உள்ள வெண்மணலைத் தார் மேல் மெல்லிய நாக்குகளாக நீட்டிவிடுகிறது. இளகிய மணலில் உருள் தடை தார்ச் சாலையைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். சில அடி அகலமான மணல் நாக்கு தூரத்தைக் குறைத்துவிடாது. படம் எடுப்பதற்காகச் சாலையை விட்டு மணலில் இறங்குவதுதான் வீண். எடை அதிகமான மின்சாரக் கார் அதில் எளிதில் புதைந்துவிடும். டயரில் காற்று குறைந்திருந்தால் தார்ச் சாலையிலும் உருள் தடை கூடும்; மாதம் ஒருமுறை, டயர் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் காற்றைச் சரிபார்த்தால் போதும்.

உப்புக் காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. மோட்டாரே வேகத்தைக் குறைத்துக் கொடுப்பதால் மின்சாரக் காரில் உண்மையான பிரேக் அரிதாகத்தான் வேலை செய்கிறது. கீழக்கரையிலோ தொண்டியிலோ கடலுக்குப் பக்கத்தில் நாள் முழுவதும் நிற்கும் காரின் பிரேக் தட்டு துருவேறி, பட்டைகள் முழுதாக விலகாமல் உரசத் தொடங்கினால், யூனிட்டுக்கான கிலோமீட்டர் காரணம் தெரியாமல் குறையும். அவ்வப்போது பாதுகாப்பான இடத்தில் பிரேக்கை அழுத்திப் பிடிப்பதும், அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவுவதும் இதைத் தடுக்கும்.

ராமேஸ்வரத்தில் இரவு தங்கும் இடத்தில் 15 ஆம்பியர் பிளக் கிடைத்தால் மணிக்கு மூன்று யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக ஏறும். பத்து மணி நேரத்தில் பேட்டரி ஏறத்தாழ நிறைந்துவிடும். வழியில் வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் மீட்டரில் பத்து சதவீதமோ அதற்குச் சற்று மேலோ கூடுதலாக ஓடியிருக்கும். ஜூலையில் காலையில் 60இல் மதுரை திரும்புகிறவர், ராமநாதபுரம் வரையான 55 கிலோமீட்டருக்கு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்றும், காற்றின் வேகம் தணியும் மீதி 115 கிலோமீட்டருக்கு 9 என்றும் வைத்துக்கொள்ளலாம். முதல் பகுதிக்கு 8 யூனிட், இரண்டாம் பகுதிக்கு 13 யூனிட். 30இல் 9 கையிருப்பில் நிற்கும்.