எலியாவின் சால்வை: 'அத்தெரெத்' என்ற எபிரேயச் சொல்லும் அதற்கேற்ற தமிழும்

ஒரு மூத்த போதகர் ஓய்வு பெற்று அவர் இடத்துக்கு இளையவர் ஒருவர் வரும்போது, "எலியாவின் சால்வை எலிசாவின்மேல் விழுந்தது" என்று வாழ்த்துவது சபைகளில் பழகிப்போன ஒன்று. பொறுப்பு கைமாறியது, ஆசியும் கூடவே வந்தது என்பதை அந்த ஒரே வரி சொல்லிவிடுகிறது. ஆனால் பழைய ஏற்பாட்டின் மூலக்கதையில், தீர்க்கதரிசி எலியா தம் சீடர் எலிசாவை விட்டு வானத்துக்குப் போன அன்று சால்வை எலிசாவின்மேல் விழவில்லை. தரையில் விழுந்தது, எலிசா குனிந்து எடுத்துக்கொண்டார். அது தோளில் போட்டு அழகு பார்க்கும் துணியும் இல்லை. இரண்டையும் புரிந்துகொள்ள எபிரேயச் சொல்லிலிருந்து தொடங்குவது நல்லது.

எலியா அணிந்திருந்ததை எபிரேய வேதம் 'அத்தெரெத்' என்கிறது. 'மேன்மையான' என்று பொருள்படும் 'அத்தீர்' இதே வேரில் பிறந்த சொல். "உம்முடைய நாமம் பூமியெங்கும் எவ்வளவு மேன்மையுள்ளதாயிருக்கிறது" என்ற 8ஆம் சங்கீதத்தில் வருவது இந்த 'அத்தீர்'தான். அகலம், விரிவு என்பதே வேரின் முதல் பொருள், அதிலிருந்துதான் ஒரு பக்கம் பெருமையும் இன்னொரு பக்கம் உடலை மூடும் அகன்ற உடையும் கிளைத்தன என்று கருதும் அகராதி ஆசிரியர்கள் உண்டு. 'அத்தெரெத்' என்ற சொல்லே சில இடங்களில் உடையைக் குறிக்காமல் மாட்சியையும் செழிப்பையும் குறிக்கிறது. எசேக்கியேல் 17ஆம் அதிகாரத்தில் செழித்த திராட்சைக்கொடிக்கு இதே சொல்தான்.

உடை என்ற பொருளில் வரும்போதும் அது ஒரே வகைத் துணி இல்லை. எரிகோவின் கொள்ளையில் ஆகான் திருடி ஒளித்து வைத்த விலையுயர்ந்த பாபிலோனிய ஆடை ஓர் அத்தெரெத். நினிவே ராஜா யோனாவின் செய்தி கேட்டு அரியணையை விட்டு எழுந்து கழற்றிப் போட்ட அரச உடையும் அத்தெரெத். இன்னொரு பக்கம், ஏசா பிறக்கும்போது உடம்பெல்லாம் "ரோம அங்கி போர்த்தவன்போல" இருந்தான் என்று ஆதியாகமம் 25 சொல்கிறதே (இங்கே ரோம என்பது உரோமம், நகரம் இல்லை), அந்த முடி அடர்ந்த அங்கியும் அத்தெரெத்தான். அரண்மனையிலும் இருக்கும், ஆட்டு மந்தைக்கு நடுவிலும் இருக்கும்.

எலியாவுடையது எந்த வகை? 2 இராஜாக்கள் 1ஆம் அதிகாரத்தில் அகசியா ராஜாவின் ஆட்கள் வழியில் கண்ட மனிதரை விவரிக்கிறார்கள்: மயிர் உடை, இடுப்பில் தோல் கச்சை. அவ்வளவு கேட்டதுமே ராஜாவுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. பிற்காலத்தில் மயிர்ப்போர்வை தீர்க்கதரிசிகளின் அடையாள உடையாகவே ஆகி, போலிகளும் அதைப் போர்த்திக்கொண்டு ஏமாற்றும் நிலை வந்ததை சகரியா 13 கண்டிக்கிறது. பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்களுக்கு இந்தப் படம் தெளிவாக இருந்திருக்க வேண்டும். எலியாவின் உடைக்கு அவர்கள் போட்ட சொல் 'மேலோத்தே', அதாவது ஆட்டுத்தோல். எபிரெயர் நிருபம் 11ஆம் அதிகாரம் துன்பப்பட்ட விசுவாசிகளைப் பற்றி, செம்மறியாட்டுத் தோல்களைப் போர்த்துக்கொண்டு திரிந்தார்கள் என்று எழுதும்போது அதே கிரேக்கச் சொல்லைத்தான் எடுக்கிறது. இலத்தீனுக்குப் போனபோது அது 'பல்லியம்' ஆனது. கத்தோலிக்கத் திருச்சபையில் பேராயர்களுக்குத் திருத்தந்தை வழங்கும் ஆட்டுமயிர்த் தோள்பட்டிக்கும் அதுவே பெயர்.

இனி தமிழுக்கு வருவோம். சீர்திருத்தச் சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பில் எலியாவுக்கும் ஆகானுக்கும் ஒரே சொல்: சால்வை. விலையுயர்ந்த பாபிலோனிய ஆடைக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. சால்வை பாரசீக 'ஷால்' வழியாக வந்த சொல். பார்வை, சேர்வை என்ற வரிசையில் கேட்டாலும் அதன் 'வை' தமிழ் விகுதி இல்லை. இன்று சால்வை என்றதும் நம் கண்முன் வருவது மேடை, மைக், பொன்னாடை, புகைப்படம். பாராட்டப்படுபவருக்குப் போர்த்துவது அது. இந்தப் படத்தோடு எலியாவின் கதையைப் படித்தால், எலிசாவுக்கு ஏதோ விருது கிடைத்தது போலத் தோன்றிவிடும். கதை சொல்வதோ வேறு.

ஆபேல்மெகோலா ஊரில் பன்னிரண்டு ஏர் பூட்டி உழுதுகொண்டிருந்தார்கள். எலிசா பன்னிரண்டாம் ஏரை ஓட்டிக்கொண்டிருந்தார். எலியா வந்தார், தம் போர்வையை அவர்மேல் போட்டார், நடக்கத் தொடங்கிவிட்டார். போர்வை எலிசாவின்மேல் விழுந்தது இந்த வயலில்தான். எலிசாவைத் தீர்க்கதரிசியாக அபிஷேகம்பண்ணு என்றுதான் ஓரேப் மலையில் எலியாவுக்குக் கடவுள் இட்ட கட்டளை. ஆனால் எண்ணெய் வார்த்ததாக ஓரிடத்திலும் இல்லை. எண்ணெயின் இடத்தில் இந்த முரட்டுத் துணி. எலிசா தம் மாடுகளை அடித்து, ஏர்க்கலப்பையையே விறகாக்கிச் சமைத்து, ஊராருக்குப் பரிமாறிவிட்டுக் கிளம்பினார். அதன் பிறகு அவர் பெற்ற பெயர் என்ன? 'எலியாவின் கைகளுக்குத் தண்ணீர் வார்த்த எலிசா.' பணிவிடைக்காரர் என்று பொருள்.

எனவே 'போர்வை' என்பதே சரியான தமிழ் என்பது என் முடிவு. போர்த்தல் என்ற வினையிலிருந்து பிறந்த சொந்தச் சொல். குளிருக்குப் போர்த்தலாம், படுத்தால் மூடிக்கொள்ளலாம், யார் வீட்டிலும் இருக்கும். ஓரேப் மலையில் மெல்லிய சத்தத்தைக் கேட்ட எலியா அந்தத் துணியைக் கொண்டுதான் முகத்தை மூடிக்கொண்டார். போர்வைக்கு அது இயல்பு. யோர்தான் ஆற்றில் அதை முறுக்கித் தண்ணீரை அடித்தார். கனமான துணியாக இருந்தால்தான் அதுவும் பொருந்தும். துல்லியம் வேண்டுமென்றால் 'மயிர்ப்போர்வை' எனலாம். 'மேலங்கி' என்றால் கையும் பொத்தானும் நினைவுக்கு வரும். 'உத்தரியம்' வடமொழிவழிச் சொல்லாக இருந்தாலும், அதற்குத் தமிழ்க் கத்தோலிக்கரிடம் எலியாவோடு ஓர் உண்மையான உறவு உண்டு. கார்மேல் சபைத் துறவியர் தங்கள் ஆன்மிகத் தந்தையாகக் கொள்வது எலியாவைத்தான். அவர்கள் வழியாகப் பரவிய பழுப்பு நிறத் தோளாடைக்கு நம்மவர் வைத்த பெயர் உத்தரியம். ஜூலை 16 உத்தரிய மாதா திருநாள்.

போர்வையோடு ஒட்டி வரும் இன்னொரு சொல்லும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. பிரியும் முன் எலிசா கேட்டது "ஆவியின் வரம் இரட்டிப்பாய்". எலியாவைவிட இரண்டு மடங்கு வல்லமை கேட்டார் என்று விளக்கி, இருவரின் அற்புதங்களையும் எண்ணிக் காட்டும் பிரசங்கங்கள் நிறைய. மூலத்தில் உள்ள 'பி ஷ்னாயிம்' சொத்துரிமைச் சொல். உபாகமம் 21இன்படி மற்றப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு பங்கு, மூத்த மகனுக்கு இரண்டு பங்கு. நான் உங்கள் மூத்த பிள்ளையாக இருக்க வேண்டும் என்பதே எலிசாவின் கேள்வி. அதனால்தான் எலியா மறைந்தபோது அவர் "என் தகப்பனே, என் தகப்பனே" என்று கதறினார். 'மூத்தவனுக்குரிய பங்கு' என்று தமிழில் எழுதியிருந்தால் நம் குடும்பங்களில் யாருக்கும் விளக்கமே தேவைப்பட்டிருக்காது.

அப்புறம், புறப்பாட்டைப் பற்றி. படங்களில் எலியா அக்கினி ரதத்தில் ஏறிப் போகிறார். வசனத்தில் ரதமும் குதிரைகளும் நடுவே வந்து இருவரையும் பிரிக்கின்றன. எலியா ஏறிப்போவது சுழல்காற்றில். வினையும் இரண்டு. ஓரிடத்தில் 'ஏறிப்போனான்', மற்றோரிடத்தில் 'எடுத்துக்கொள்ளப்படுதல்'. பின்னது, ஆதியாகமத்தில் ஏனோக்கைத் தேவன் எடுத்துக்கொண்டார் என்ற அதே எபிரேய வினை. கத்தோலிக்கத் தமிழ் இந்த வேறுபாட்டை அழகாகக் காத்து வைத்திருக்கிறது: இயேசுவுக்கு விண்ணேற்றம், மரியாளுக்கு விண்ணேற்பு. எலியா தம் ஆற்றலால் ஏறியவர் இல்லை என்பதால் அவருக்கும் விண்ணேற்பு என்பதே பொருந்தும்.

எலியா மறைந்ததும் எலிசா தம் வஸ்திரங்களை இரண்டாகக் கிழித்தார். அங்கே உள்ள எபிரேயச் சொல் 'பெகெத்', எந்தச் சாதாரண உடுப்புக்கும் ஆனது. அதன் பிறகே அத்தெரெத்தைத் தரையிலிருந்து எடுத்தார், யோர்தான் கரைக்குப் போனார், "எலியாவின் தேவனாகிய கர்த்தர் எங்கே" என்று கேட்டுத் தண்ணீரை அடித்தார். அத்துடன் அந்தப் போர்வை கதையிலிருந்து மறைகிறது. எலிசா அதை யாருக்கும் கொடுத்ததாக இல்லை. பெற்றிருக்கக்கூடியவன் அவருடைய வேலைக்காரன் கேயாசி. சூனேம் ஊர்ப் பிள்ளை இறந்தபோது எலிசா தம் தடியைக் கொடுத்து அவனைத்தான் முன்னே அனுப்பினார். தடியைப் பிள்ளையின் முகத்தில் வைத்தான், ஒன்றும் நடக்கவில்லை. பின்னொரு நாள், எலிசா காணிக்கை வேண்டாமென்று சொல்லித் திருப்பி அனுப்பிய சீரியப் படைத்தலைவன் நாகமானின் ரதத்தைத் துரத்தி ஓடி, வெள்ளியோடு அவன் கேட்டு வாங்கி வந்தது இரண்டு மாற்று வஸ்திரங்கள். அங்கேயும் சொல் 'பெகெத்'தான்.