சீன ஜேட் பதக்கம்: வரலாறு தெரிந்தால் பாதிச் சோதனை முடிந்த மாதிரி

கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் பளீர்ப் பச்சைப் பதக்கத்தைக் கையில் கொடுத்து, "இது ஹான் வம்சத்து ஜேட், இரண்டாயிரம் வருஷப் பழசு" என்று யாராவது விலை சொன்னால், லென்ஸைக்கூட எடுக்க வேண்டியதில்லை. ஹான் காலத்துச் சீனர்கள் செதுக்கிய ஜேட் வேறு. இந்தப் பச்சைக்கல் வேறு. ஜேட் விஷயத்தில் ஏமாறுகிறவர்களில் பலர் கல்லைப் பார்த்து ஏமாறுவதில்லை, கல்லோடு சேர்த்து விற்கப்படும் கதையைக் கேட்டுத்தான் ஏமாறுகிறார்கள். ஆகவே கதையிலிருந்தே தொடங்குவோம்.

ஜேட் என்ற ஒரே பெயரில் இரண்டு கனிமங்கள் விற்பனையாகின்றன. நெஃப்ரைட் என்பது கால்சியம், மக்னீசியம், இரும்பு சேர்ந்த சிலிக்கேட். மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 6 முதல் 6.5. ஜேடைட் என்பது சோடியமும் அலுமினியமும் சேர்ந்த சிலிக்கேட், கடினம் 6.5 முதல் 7. இரண்டும் வெவ்வேறு கனிமங்கள் என்று பிரெஞ்சுக் கனிமவியலாளர் அலெக்சிஸ் டாமூர் 1863இல்தான் நிறுவினார். சீனாவின் பழைய ஜேட் கலை பெரும்பாலும் நெஃப்ரைட்டில் அமைந்தது. ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முந்தைய சிங்லோங்வா பண்பாட்டுக் கல்லறைகளில் கிடைத்த, ஒரு பக்கம் வெட்டு விட்ட காது வளையங்கள் அங்கே கிடைத்த மிகப் பழைய ஜேட் அணிகளில் அடங்கும். பிறகு வந்த ஹொங்ஷான் பண்பாட்டின் சுருண்ட பன்றி-டிராகன், லியாங்சூவின் வட்டத் தகடுகள், ஆன்யாங்கில் 1976இல் திறக்கப்பட்ட ஃபூ ஹாவோ அரசியின் கல்லறையில் இருந்த 755 ஜேட் பொருட்கள் என்று அந்த வரிசை நீள்கிறது. வெள்ளை, பால்வெள்ளை, மங்கிய பச்சை, பழுப்பு, இவைதான் அதன் நிறங்கள். அவற்றில் உச்சம், ஷின்ஜியாங்கின் ஹோத்தான் ஆறுகளில் உருண்டு வந்த 'ஆட்டுக் கொழுப்பு' வெள்ளை.

மியான்மரின் கச்சின் மலைகளில் கிடைக்கும் பளிச்சென்ற பச்சை ஜேடைட், யுன்னான் வழியாகச் சீனாவுக்குள் பெருமளவில் நுழைந்தது 18ஆம் நூற்றாண்டில், சிங் வம்சக் காலத்தில். சீனச் சந்தையில் அதன் பெயர் ஃபெய்சுய். பேரரசி சிஷி அதன்மேல் கொண்ட மோகம் ஊரறிந்தது. இன்று உலகம் முழுவதும் 'சீன ஜேட்' என்றதும் மனத்தில் எழும் நிறம், அந்த நெடிய வரலாற்றின் கடைசி முந்நூறு ஆண்டுக்குள் வந்து சேர்ந்தது. நம்மூர்க் கடைகளில் சிலர் இதையே 'சீன மரகதம்' என்று சொல்லி விற்பது இன்னொரு குழப்பம். மரகதம் பெரில் வகை, ஜேடோடு அதற்கு எந்த உறவும் இல்லை.

உருவம் எந்தக் காலத்தைச் சொல்கிறது

ஹானுக்கு முந்தைய சோவ் வம்சக் காலத்தில் பதக்கம் என்பது கழுத்தில் தொங்கும் ஒற்றை டாலர் அல்ல. பிறைவடிவத் தகடுகளையும் மணிகளையும் கோத்த நீண்ட கோவை அது. ஷான்சி மாநிலத்தில் ஜின் அரசர்களின் இடுகாட்டில் ஒரு பெண்ணின் கல்லறையில் கிடைத்த கோவையில் 204 துண்டுகள், அவற்றில் 45 பிறைத் தகடுகள். நடக்கும்போது தகடுகள் ஒன்றோடொன்று மோதி ஒலிக்கும். அவசரமாக நடந்தால் ஒலி கெடும். சடங்குகளைப் பேசும் 'லீஜி' நூல், காரணமில்லாமல் சான்றோன் தன் ஜேடைக் கழற்ற மாட்டான் என்கிறது. கன்பூசியஸ் ஜேடுக்குச் சொன்னதாக அதே நூல் தரும் குணப் பட்டியலில் ஒன்று கல் சோதிப்பவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டியது: குறை அழகை மறைக்காது, அழகும் குறையை மறைக்காது, அதுவே விசுவாசம். இன்றைய சந்தையில் நடப்பது நேர்மாறு. கீழே பார்ப்போம்.

ஹான் காலத்துச் சிள்வண்டு உருவத்தைப் பலர் ஆசையோடு தேடுகிறார்கள். மண்ணுக்கடியிலிருந்து வெளிவந்து தோலுரிக்கும் பூச்சி என்பதால் மறுபிறப்பின் அடையாளம். இதில் கவனிக்க வேண்டியது துளை. இறந்தவரின் நாவில் வைக்கச் செய்த சிள்வண்டில் பொதுவாகத் துளை இருக்காது. உயிரோடிருப்பவர் அணியச் செய்ததில் நூல் கோக்கத் துளை இருக்கும். நாவில் வைத்த வகைக்குப் பிற்காலத்தில் துளையிட்டுப் பதக்கமாக்கி விற்பதும் உண்டு. வாங்குகிறவருக்கு அது சவத்தின் வாயிலிருந்து வந்தது என்று யாரும் சொல்வதில்லை.

பெருவயிற்றோடு சிரிக்கும் புத்தர் பதக்கம் 'ஹான் காலத்தது' என்றால் கையைக் கட்டிக்கொண்டு கேளுங்கள், வாங்க வேண்டாம். அந்த உருவம் புதாய் என்ற துறவியுடையது. அவர் வாழ்ந்ததே ஹான் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து, 10ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை. ஆண்கள் பௌத்தக் கருணைத் தெய்வமான குவான்யின் உருவத்தை அணிய வேண்டும், பெண்கள் புத்தர் உருவத்தை அணிய வேண்டும் என்ற விதியும் மக்கள் வழக்கு. கன்பூசியஸோடு அதை முடிச்சுப் போடுகிறவர்கள், பௌத்தம் சீனாவுக்கு வந்ததே அவருக்குச் சில நூற்றாண்டுகள் கழித்து என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஒரு பக்கம் ஓவியம், மறுபக்கம் கவிதை என்று செதுக்கிய செவ்வகப் பதக்கங்கள் மிங் காலத்துச் சூசோவ் சிற்பி லூ ஸிகாங் பெயரால் அறியப்படுபவை. சிங் காலம் முதல் இன்றுவரை பட்டறை பட்டறையாக அவர் பெயரைப் பொறித்துத் தள்ளியிருக்கிறார்கள். கையெழுத்து இருப்பது எதையும் நிரூபிக்காது.

வௌவால், சுரைக்காய், மீன், முட்டைக்கோஸ் ஆகியவற்றின் பொருள் பெரும்பாலும் சீன மொழியில் ஒலி ஒற்றுமையால் வந்தது. வௌவாலும் நற்பேறும் ஒரே ஒலி, மீனும் மிகுதியும் ஒரே ஒலி. தனியே பேச வேண்டியது, நடுவில் துளையிட்ட சிறு வட்டமும் செதுக்கலே இல்லாத வெற்றுச் செவ்வகமும். வட்டத்தின் பெயர் பிங் ஆன் கௌ, நலமும் அமைதியும் தருவதாம். வெற்றுப் பதக்கம் 'வூ ஷி', தொல்லை ஏதும் இல்லாத வாழ்வு. வேலைப்பாடே இல்லாத இதற்கு ஏன் இவ்வளவு விலை என்று கேட்கிறார்கள். விடை நேரானது. செதுக்கல் குறையை மறைக்கும். விரிசல் ஓடும் இடத்தில்தான் சிற்பி இலையையும் மேகத்தையும் வைக்கிறார். வெற்றுத் தகட்டில் ஒளிய இடமில்லை, கல் முழுக்கச் சுத்தமாக இருந்தாக வேண்டும். செதுக்கிய பதக்கம் வாங்கும்போது வேலைப்பாடு அடர்ந்த இடத்தின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒளி ஒரு கோட்டில் தடைப்பட்டு நின்றால் அங்கே விரிசல்.

துளையைப் பாருங்கள்

பழைய பதக்கம் என்று சொன்னால் முதலில் பார்க்க வேண்டிய இடம் நூல் கோக்கும் துளை. இரும்பால் ஜேடைச் செதுக்க முடியாது. கடினம் அதிகமான மணலைத் தண்ணீரோடு கலந்து, கயிறு, மூங்கில் குழாய், சுழலும் தகடு ஆகியவற்றால் தேய்த்தே வடிவம் கொண்டுவந்தார்கள். துளையை இரண்டு பக்கமிருந்தும் தோண்டுவார்கள். வாய் அகன்று உள்ளே குறுகும் இரண்டு கூம்புகள் நடுவில் சந்திக்கும். சந்திக்கும் இடத்தில் சற்றே விலகிய ஒரு விளிம்பு தங்கும், உள்சுவரில் ஒழுங்கில்லாத வளையக் கீறல்கள் தெரியும். வைரமுனைத் துளை ஒரே விட்டத்தில் நேராக, பளபளப்பாகப் போகும். பல தலைமுறை அணிந்த பதக்கமானால் நூல் இழுத்த மேல்விளிம்பு தேய்ந்து வழவழப்பாகியிருக்கும். விளிம்பு கத்திபோல் கூர்மையாக இருக்கும் 'பரம்பரைப் பதக்கம்' கடையில் பிறந்தது. போலி செய்பவர்களுக்கும் இது தெரியும் என்பதால் துளை சரியாக இருந்தால் மட்டும் நம்பிவிட வேண்டாம். துளை தவறாக இருந்தால் தாராளமாக நிராகரிக்கலாம்.

மண்ணில் கிடந்த கறையையும் இப்படியே பார்க்க வேண்டும். இயற்கையான நிறமாற்றம் விரிசல் வழியாக, ஒழுங்கின்றி உள்ளே இறங்கும். சுட்டும் ஆசிட்டில் போட்டும் கொண்டுவந்த எலும்பு வெள்ளை மேற்பரப்பு முழுதும் ஒரே சீராகப் பரவி, மயிரிழை வெடிப்புகளோடு இருக்கும்.

ஏ, பி, சி

ஜேடைட் பதக்கத்தில் பெரிய பணம் கைமாறுவதும் பெரிய ஏமாற்று நடப்பதும் இங்கேதான். சந்தை வழக்கில் ஏ வகை என்றால் மேலே மெழுகு பூசியதைத் தவிர எந்தப் பதப்படுத்தலும் இல்லாதது. அது தரத்தைக் குறிக்கும் சொல் அல்ல. மட்டமான ஏ வகையும் உண்டு, சில நூறு ரூபாய்கூடப் பெறாது. பி வகையில், பழுப்புக் கறை படிந்த கல்லை ஆசிட்டில் நாள்கணக்கில், வாரக்கணக்கில் ஊறவைத்துக் கறையைக் கரைக்கிறார்கள். கறையோடு கல்லின் நுண்படிக மணிகளுக்கிடையிலான பிணைப்பும் போய்க் கல் உளுத்துவிடும். அந்த இடுக்குகளில் ரெசினை ஏற்றி மெருகிடுகிறார்கள். சி வகை சாயம் ஏற்றியது. இரண்டும் சேர்ந்தது பி+சி.

10 மடங்கு லென்ஸில், மேற்பரப்பில் விளக்கொளி பட்டுத் திரும்பும் கோணத்தில் பதக்கத்தைச் சாய்த்துப் பாருங்கள். ஏ வகையிலும் ஆரஞ்சுத் தோல்போல் மெல்லிய பள்ளங்கள் இருக்கலாம், அவை தனித்தனியாக, வழவழப்பாக இருக்கும். பி வகையில் அந்தப் பள்ளங்கள் ஒன்றோடொன்று இணைந்து சிலந்தி வலைபோல் ஓடும். சாயமிட்டதில் பச்சை நிறம் மணிகளுக்குள் இல்லாமல் இடுக்குகளில் இழையிழையாகத் தேங்கி நிற்கும். புற ஊதா விளக்கில் சில பி வகைகள் நீலவெள்ளையாக ஒளிரும், ஒளிராதவையும் நிறைய. உறுதியான விடை அகச்சிவப்பு நிறமாலைச் சோதனையில் கிடைக்கும். ரெசினின் கரிம மூலக்கூறுகள் 2,800 முதல் 3,000 அலையெண் பகுதியில் தங்கள் தடத்தைக் காட்டிவிடும்.

பி வகை அணிவதால் தோலுக்குப் பெரிய ஆபத்து என்று பரவும் செய்திகளைவிடப் பணத்துக்கு ஆபத்து என்பதே நிஜம். ரெசின் வருடங்களில் மஞ்சளாகும், மெருகு மங்கும், மறுவிற்பனை மதிப்பு கிட்டத்தட்ட இல்லை. அணிய அணியப் பச்சை கூடும் என்று சொல்லி விற்பார்கள். சாயமிட்ட கல்லில் நடப்பது வெளுப்பது.

பின்பக்கம் தகடு வைத்து மூடிய பதக்கத்தை வாங்கவே வாங்காதீர்கள். உள்ளே கல்லைக் குடைந்து மெலிதாக்கியிருக்கலாம், பச்சைப் பூச்சு இருக்கலாம், வண்ணத் தாள் இருக்கலாம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை

தலைமுடியைச் சுற்றித் தீயில் காட்டுவது, கண்ணாடியில் கீறிப் பார்ப்பது, கன்னத்தில் வைத்துக் குளிர்ச்சி பார்ப்பது, மூன்றும் வீண். முடி எந்தக் கல்லிலும் எளிதில் கருகாது, குவார்ட்ஸும் கண்ணாடியைக் கீறும், எல்லாக் கல்லும் குளிரும். இவற்றைவிட உருப்படியானது ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரைவிடக் கல் எத்தனை மடங்கு அடர்ந்தது என்ற கணக்கு. 0.01 கிராம் வரை காட்டும் தராசு போதும். தங்கக் கொக்கி, மணிகள் எல்லாவற்றையும் கழற்றிப் பதக்கத்தை மட்டும் எடை போடுங்கள். பிறகு பாதி தண்ணீர் நிறைத்த டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். மெல்லிய நூலில் கட்டிய பதக்கத்தை அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுக்க மூழ்கும்படி கையால் பிடியுங்கள். தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுங்கள்.

18.70 கிராம் பதக்கம் தண்ணீரில் 5.60 காட்டினால் விடை 3.34, ஜேடைட்டின் எண். 6.34 காட்டினால் 2.95, நெஃப்ரைட். 7 கிராமைத் தாண்டினால் குவார்ட்ஸோ செர்ப்பன்டைனோ. துளையிலும் செதுக்கலிலும் காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் கணக்குத் தவறும். ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, தூரிகையால் குமிழைத் துடைத்துவிடுங்கள். இந்தச் சோதனை போலிகளை வடிகட்டும், ஏ வகையா பி வகையா என்று சொல்லாது. ஹைட்ரோகிராசுலர் என்ற கார்னெட் வகையும் ஜேடைட்டின் எண்ணருகே வந்து நிற்கும்.

பெயர்களில் ஏமாறாமலிருக்க ஒரு வார்த்தை. 'இந்திய ஜேட்' என்பது அவென்சுரின் குவார்ட்ஸ், 'மலாய் ஜேட்' சாயமிட்ட குவார்ட்சைட், 'ஆஸ்திரேலிய ஜேட்' கிரைசோபிரேஸ், 'ஆப்கான் ஜேட்' பெரும்பாலும் கால்சைட். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் மலிவுப் பச்சை வட்டங்களில் இவற்றைத் தாராளமாகக் காணலாம்.

சான்றிதழிலும் பொறி உண்டு. ஃபெய்சுய் என்ற பெயருக்குப் பக்கத்தில் 'பதப்படுத்தப்பட்டது', 'நிரப்பப்பட்டது' என்று பொருள்படும் சொல் இருந்தால் அது ஏ வகை அல்ல. சீனத் தரவிதிப்படி 'ஹோத்தான் ஜேட்' என்று எழுதியிருப்பது நெஃப்ரைட் என்று மட்டுமே பொருள் தரும். கல் சிங்ஹாயிலிருந்தோ ரஷ்யாவிலிருந்தோ கொரியாவிலிருந்தோ வந்திருக்கலாம். ஊர்ப் பெயருக்காகக் கூடுதல் விலை கேட்டால் அந்தச் சான்றிதழ் அதற்கு ஆதாரமாகாது. எடை, அளவு, புகைப்படம் மூன்றும் கையிலிருக்கும் பதக்கத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். நல்ல கல்லின் சான்றிதழை வேறு கல்லோடு சேர்த்துக் கொடுப்பது அபூர்வமல்ல.

வெதுவெதுப்பான நீர், மென்சோப்பு, மென்தூரிகை, பராமரிப்புக்கு இவ்வளவே போதும். அல்ட்ராசானிக் தொட்டியிலும் ப்ளீச்சிலும் போடாதீர்கள். நெஃப்ரைட் எளிதில் உடையாத கல்தான், ஆனாலும் நூல் அறுந்து கிரானைட் தரையில் விழுந்தால் துளைப் பக்கம் சில்லு பெயரும். நூலை ஆண்டுக்கொரு முறை மாற்றி, துளையின் இரு பக்கமும் முடிச்சிடச் சொல்லுங்கள். உடைந்த ஜேட் அணிந்தவருக்கு வரவிருந்த கெடுதலைத் தான் வாங்கிக்கொண்டது என்பது சீன நம்பிக்கை. உடைந்ததைத் தங்கத் தகட்டால் இணைத்து அணிவார்கள், அதில் தவறில்லை. ஆனால் அப்படி இணைத்தவை மறுவிற்பனைக்கு வரும்போது தகடு அலங்காரமாகப் பேசப்படும். மூலையிலோ குறுக்கிலோ காரணமில்லாமல் தங்கப் பூ இருக்கும் பதக்கத்தில், அந்தப் பூவுக்கடியில் என்ன இருக்கிறது என்று கேட்டு, விடையைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.