தோல் கோடு ஒரு சென்டிமீட்டர் தவறினால்

கதிர்வீச்சு சிகிச்சைக்குத் திட்டம் தயாராகும்போது எல்லோர் கவனமும் கட்டியின் மேல்தான் இருக்கும். டாக்டர் ஸ்கேன் படங்களில் கட்டியை வரைவார். காக்க வேண்டிய தண்டுவடத்தையும் உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் வரைவார். உடலின் வெளிக்கோட்டை மட்டும் கணினியிடம் விட்டுவிடுவது வழக்கம். பெங்களூரில், சிகிச்சைக் கதிரின் அளவைச் சரிபார்க்கும் மருத்துவ இயற்பியலாளராக இருக்கும் எனக்கு, அந்தக் கோட்டைப் படம் படமாகப் பார்க்காமல் கையெழுத்துப் போட மனம் வராது.

கணினி டோஸை, அதாவது உடலில் சேரும் கதிர்வீச்சின் அளவை, கணக்கிடுவது அந்தக் கோட்டுக்குள் மட்டுமே. கதிர் எங்கே நுழைகிறது, கட்டி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதையெல்லாம் அதை வைத்தே தீர்மானிக்கிறது. சிகிச்சையில் பயன்படும் 6 எம்.வி. (மெகாவோல்ட்) ஆற்றல் எக்ஸ் கதிர் தசைக்குள் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் சுமார் 3 முதல் 4 சதவீதம் வலுவிழக்கும். கோடு உண்மையான தோலுக்கு ஒரு சென்டிமீட்டர் உள்ளே விழுந்தால், அந்தப் பக்கமிருந்து வரும் கதிரைக் கணினி அவ்வளவு குறைத்தே ஒதுக்கும். சிகிச்சை முடியும்வரை தினமும் அதே குறைதான். மொத்தப் பிழை 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது நெடுங்காலமாக ஏற்கப்பட்ட வரம்பு. அதன் பெரும்பகுதியை இந்த ஒரு கோடே தின்றுவிடும்.

அடர்த்தியைப் பார்த்துத்தான் கணினி கோடு போடுகிறது. அது தோலா, வேறு பொருளா என்று அதற்குத் தெரியாது. கழுத்து சிகிச்சைக்கு வரும் பெண்கள் கொண்டையோடு ஸ்கேனுக்குப் படுத்தால், பிடரிக்குப் பின்னால் மங்கலாகத் தெரியும் முடியில் ஒரு பகுதியும் உடலாகிவிடும். அகன்ற தோள் உள்ளவர்களுக்கு ஸ்கேன் படம் பிடிக்கும் 50 சென்டிமீட்டர் அகலம் போதாமல், தோள் கத்தியால் நறுக்கியதுபோல் நேர்கோட்டில் முடிந்துவிடும். மார்பகத்தை அகற்றிய இடத்தில் தோலுக்கு டோஸ் சேர வைக்கும் ஜெல் பட்டை கோட்டுக்கு வெளியே போனால், அப்படி ஒன்று இருப்பதே கணக்கில் வராது. சிகிச்சைக் கட்டிலைச் சேர்க்க மறந்தாலும், கீழிருந்து வரும் கதிர் அதில் இழப்பது கணக்கில் விடுபடும்.

எனக்கு அதிகக் கவலை தருவது, சரியாக வரைந்த கோடு பிறகு பொய்யாகிவிடுவது. கழுத்து சிகிச்சையில் தலை அசையாமலிருக்க முகத்தின் அச்சில் செய்த மாஸ்க் போடுவோம். ஓசூரிலிருந்து தினமும் வந்த பெரியவர் ஒருவர், “மாஸ்க் இப்போது இறுக்கவே இல்லை தம்பி, நிம்மதியாக இருக்கிறது” என்றார். விழுங்க முடியாமல் சாப்பாடு குறைந்து, முகம் இளைத்திருந்தது. மாஸ்க்குக்கும் கன்னத்துக்கும் இடையே என் விரல் தாராளமாக நுழைந்தது. புது மாஸ்க், மறு ஸ்கேன், புதுத் திட்டம் என்றதும், நோய் முற்றிவிட்டதோ என்று மகன் பதறினார். இரண்டு ஸ்கேனையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, தோல் எவ்வளவு உள்வாங்கியிருக்கிறது என்று காட்டிய பிறகே அவருக்கு மூச்சு வந்தது.

மாஸ்க் தளர்ந்தால், வேட்டியோ பெல்ட்டோ இடுப்பில் நிற்காவிட்டால், வாராந்தரப் பரிசோதனைவரை காத்திருக்காமல் கருவியை இயக்குபவரிடம் அன்றே சொல்லுங்கள். ஸ்கேனுக்கு வரும்போது கொண்டை வேண்டாம். அரைஞாணையும் தாயத்தையும் கழற்றிவிடுங்கள்.