தராசே இல்லாம நட்சத்திரத்த எடை போடுறது எப்படி?

'சூரியனப்போல ரெண்டு மடங்கு எடையுள்ள இளம் நட்சத்திரம்'னு போன கட்டுரைல போற போக்குல எழுதிட்டேன், அத யாரு எந்த தராசுல நிறுத்தாங்கன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். நியாயமான கேள்விதான். சூரியன் மாதிரி செட்டில் ஆன நட்சத்திரம்னா வெளிச்சத்த வெச்சே எடைய ஓரளவு சொல்லிடலாம். இளசுங்க இன்னும் சுருங்கிட்டு இருக்கு, வெளிச்சம் வயசோட மாறுது, சுத்தி தூசி வேற, அதனால அங்க வெளிச்சத்துலேர்ந்து வர்ற எடை கம்ப்யூட்டர் மாடலோட யூகம்தான். ஈர்ப்புகிட்ட இந்த ஏமாத்து வேல நடக்காது.

ரெண்டு நட்சத்திரம் ஈர்ப்பால ஒண்ண ஒண்ணு ஜோடியா சுத்துதுன்னா, கெப்ளரோட மூணாவது விதி போதும், ஸ்கூல்லயே படிச்சதுதான். பாதையோட நீள அச்சுல பாதிய சூரியன்-பூமி தூரக் கணக்குல எடுத்து கன மடங்காக்கி, சுத்துற வருஷத்தோட வர்க்கத்தால வகுத்தா, மொத்த எடை இத்தன சூரியன்னு வந்துரும்.

ஆனா வானத்துல பாதை சாஞ்சில்ல கிடக்கு! வட்டத் தட்ட சாய்ச்சா நீள்வட்டமா தெரியுமே, அப்படி நாம பாக்குற வடிவமே நிஜமில்ல. சாய்வு எவ்ளோன்னு எப்படி கண்டுபிடிக்கறது? எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதான். சாய்ச்சாலும் நீள்வட்டத்தோட நடுப்புள்ளி நடுப்புள்ளியாவே இருக்கும், குவியம் (நடுவுலேர்ந்து தள்ளி நீள அச்சுல இருக்கற புள்ளி) மட்டும் குவியமா இருக்காது. துணை நட்சத்திரத்தோட நிஜப் பாதைல, ஜோடில பெரிய நட்சத்திரமான பெரியவர் குவியத்துலதான் உக்காந்தாகணும், ஆனா படத்துல பாத்தா அங்க இல்லாம தள்ளி இருப்பார், அந்தத் தள்ளல்லேர்ந்தே சாய்வையும் நிஜ வடிவத்தையும் கறந்துடலாம். எந்தப் பக்கம் நம்மள நோக்கி சாஞ்சிருக்குன்னு மட்டும் தெரியாது, எடைக்கு அது தேவையும் இல்ல. 1827லயே சவாரின்னு ஒரு பிரெஞ்சுக்காரர் பெருங்கரடி மண்டலத்துல ஒரு ஜோடிக்கு இப்படி கணக்குப் போட்டு, சுத்த சுமார் 60 வருஷம் ஆகும்னு சொல்லிட்டார்.

இளசுல பேர் போனது டி டாரி (T Tauri)ங்கற மூணு நட்சத்திரக் கூட்டம். அதுல தெற்குப் பக்கம் இருக்கறது தூசிக்குள்ள புதைஞ்ச ஜோடி, அகச்சிவப்புலதான் தெரியும், ரெண்டுக்கும் இடைவெளி ஒரு டிகிரிய 3600 பங்கு போட்டா அதுல ஒரு பங்குல பத்துல ஒண்ணுதான். ஒரு சுத்துக்கு சுமார் 27 வருஷம். மூணு வருஷத்துல ரிசல்ட் காட்டுன்னு நிக்கிற ஃபண்டிங் கமிட்டிங்க இத எப்படித்தான் தாங்குவாங்களோ. நல்லவேளையா வடக்குல இன்னொரு நட்சத்திரம் இருக்கு, அத அசையாத குறியா வெச்சு ரெண்டும் தனித்தனியா எவ்ளோ ஆடுதுன்னு பாத்து எடையப் பிரிச்சாங்க, ஒண்ணு சுமார் 2 சூரியன், இன்னொண்ணு அரை சூரியன்கிட்ட.

இதுல பெரிய தலைவலி தூரம். படத்துல கிடைக்கறது கோணம்தான், அத தூரத்தால பெருக்கணும், பெருக்குனது கன மடங்காகுது, அப்ப தூரத்துல 5 சதவீதம் தப்புனா எடைல சுமார் 15 சதவீதம் தப்பிடும். கையா செயற்கைக்கோளும் ரேடியோ தொலைநோக்கிகளும் தூரத்த நல்லா அளந்து குடுத்த பிறகுதான் முன்னாடியே அளந்த ஜோடிங்க நிறைய பேரோட எடைய மறுபடி கணக்குப் போட்டாங்க.