துடைக்காமல் கொண்டு வாருங்கள்

மலேசியாவில், பினாங்கின் ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடு ஒன்றில் இயங்கும் சமூகக் கலை மையத்தில், சேகரிப்புப் பொருள்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கண்காட்சி வருகிறது என்று தெரிந்தால் போதும், ஆட்கள் பையும் பெட்டியுமாக வந்துவிடுவார்கள். மாமியாரின் கூறைச் சேலை, ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய கத்தி, ரஜுலா கப்பலில் வந்த தகரப் பெட்டி. வந்ததும் பெருமையாக ஒன்று சொல்வார்கள்: "நல்லா கழுவித் தொடச்சுத்தான்மா கொண்டாந்திருக்கேன்." எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அந்தத் தகரப் பெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். ரஜுலா 1926-இல் கட்டிய கப்பல். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிக்கொண்டு எழுபதுகள் வரை பினாங்குக்கு வந்து போனது. பெட்டியின் மேல் சாயத்தில் எழுதிய பெயர், ஊர், ஒட்டியிருந்த சீட்டின் கிழிசல், இவைதான் அது யாரோடு எங்கிருந்து வந்தது என்று சொல்லும். பேரப்பிள்ளைகள் ஆசையாகப் புது பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். அப்புறம் அது வெறும் பெட்டி. பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் தேய்ப்பதும் அப்படித்தான். புளியின் அமிலம் களிம்போடு உலோகத்தையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகும். நம் வீட்டுப் பாத்திரங்களில் பெயர் வெட்டியிருப்பார்களே, தேய்க்கத் தேய்க்க அந்த எழுத்தும் மழுங்கிவிடும்.

அதிகம் பாழாவது சாமி அறையில் மாட்டிய படங்கள். இறந்தவர் படத்துக்குக் கண்ணாடி போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, பூமாலை சாத்தி, சாம்பிராணி காட்டுகிறோம். பினாங்கில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். 65-ஐத் தாண்டினாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம்தான். போதாததற்கு ஈர மாலையின் தண்ணீர் சட்டத்துக்குள் இறங்கும். பழைய படங்களின் மேற்பூச்சு ஜெலட்டின். ஈரம் பட்டால் ஊறிப்போய்ப் பசைபோலக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அப்படி ஒட்டிய படம் ஒன்றை நானே உரிக்கப் பார்த்தேன். ஒரு கன்னமும் பாதி மீசையும் கண்ணாடியோடு வந்துவிட்டன. அந்தக் குடும்பத்தில் தாத்தாவுக்கு இருந்தது அந்த ஒரே படம். அவர்கள் என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இப்போதெல்லாம் ஒட்டிய படத்தைப் பிரிப்பதில்லை. கண்ணாடி வழியாகவே ஸ்கேன் செய்துவிட்டு அப்படியே பத்திரப்படுத்துகிறோம். வீட்டிலும் இதைச் செய்யலாம். நகல் எடுத்து அதை மாட்டுங்கள். பொட்டும் மாலையும் நகலுக்கு இருக்கட்டும், தாத்தா கோபித்துக்கொள்ள மாட்டார்.

படங்களை ரப்பர் வளையம் போட்டுக் கட்டி வைக்காதீர்கள். ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்க்கிறார்கள், அது கருப்பு வெள்ளைப் படத்தில் இருக்கும் வெள்ளியைக் கெடுத்துக் கறையாக்கும். ஆயுசு முழுக்கப் பால்மரம் வெட்டியவரின் முகத்துக்குக் குறுக்கே ரப்பர் கோடு விழுந்திருப்பதைப் பார்த்தால் என்ன சொல்வது! லேமினேட்டும் வேண்டாம், ஒரு தடவை செய்துவிட்டால் பிரித்தெடுக்க வழியில்லை.

எதைக் கொண்டு வருவது என்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. ஜப்பான்காரன் ஆண்ட காலத்து, வாழைமரப் படம் போட்ட பண நோட்டை எல்லாரும் பொன்போலப் பொத்திக் கொண்டுவருகிறார்கள். அது எங்களிடம் கட்டுக்கட்டாக இருக்கிறது. அதே பெட்டியில் கிடந்த மளிகைக் கடைக் கடன் நோட்டையும் தோட்டத்துச் சம்பளச் சீட்டையும் குப்பையில் போட்டுவிட்டு வருவார்கள். அரிசி என்ன விலை, மாதக் கடைசியில் கையில் என்ன மிஞ்சியது என்பதெல்லாம் அதில்தான் இருந்தது.

இன்னொன்று, கொடுக்கும்போது "வைத்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். தமிழில் அதற்கு இரண்டு அர்த்தம். அக்கா நன்கொடை என்று நினைத்துக் கொடுத்தது, இரண்டு வருஷம் கழித்துத் தம்பிக்கு இரவலாகிவிடும். அந்தச் சண்டை எங்கள் வரவேற்பறையில் நடந்திருக்கிறது. நன்கொடையா, இரவலா, இரவல் என்றால் எத்தனை நாளைக்கு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கொடுத்த படம் வருஷம் முழுக்கச் சுவரில் தொங்காது. அதனால் வருகிற வருத்தமும் எனக்குப் பழகிவிட்டது. காகிதம், துணி, படம் எல்லாவற்றுக்கும் 50 லக்ஸ்தான் வெளிச்சம், அதாவது மங்கலான அறை. அந்த வெளிச்சத்திலும் சேதம் சேர்ந்துகொண்டேதான் போகும். விளக்கை அணைத்ததும் போன நிறம் திரும்பி வராது. அதனால் சில மாதத்தில் எடுத்து இருட்டில் வைத்துவிடுகிறோம்.

பின்பக்கம் பெயர் எழுதுவதாக இருந்தால் பேனா வேண்டாம், மை ஊறிவிடும். 2பி பென்சிலால் அழுத்தாமல், ஓரத்தில் எழுதுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, முழுப் பெயர், ஊர் அல்லது தோட்டம், வருஷம் எல்லாம் எழுதுங்கள். உறவுமுறையை மட்டும் எழுதிப் பயனில்லை. பூச்சூடி, கையில் பால்குடத்தோடு சிரிக்கிற ஒரு பெண்ணின் அருமையான படம் எங்களிடம் இருக்கிறது. பின்னால் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "சித்தி, தைப்பூசம்."