மாதவிடாய் நின்றுபோவது பயிற்சியின் பலன் அல்ல

இந்த மாதத்தில் மட்டும் மூன்றாவது பெண். அதனால்தான் எழுதுகிறேன்.

பத்தொன்பது வயது, கல்லூரி அணியில் நெடுந்தூர ஓட்டம். முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் (திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தால் வரும் விரிசல்), ஒரே வருடத்தில் இரண்டாவது தடவை. ஷூவை மாற்றச் சொன்னவர்கள் உண்டு, தரையைக் குறை சொன்னவர்கள் உண்டு. பீரியட்ஸ் வருகிறதா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

"எட்டு மாசமா இல்ல டாக்டர். நல்லா டிரெய்னிங் பண்ணா நின்னுடும்னு சீனியர்ஸ் சொன்னாங்க."

முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இல்லவே இல்லை. மாதவிடாயை நிறுத்துவது ஓட்டம் அல்ல, ஓட்டத்துக்கு ஈடாகச் சாப்பிடாதது. அதே தூரம் ஓடி, அதற்கேற்பச் சாப்பிடுகிற பெண்களுக்கு அது பொதுவாக ஒழுங்காகவே வரும். இவளது கணக்கைப் பாருங்கள். கொழுப்பு நீங்கலாக உடல் எடை 40 கிலோ. ஒரு நாளில் சாப்பிட்டது 1500 கலோரி, பயிற்சியில் செலவானது 600. மூளை, இதயம், எலும்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து மிஞ்சுவது 900. அதாவது கிலோவுக்கு 22.5. கிலோவுக்கு 45 வேண்டும். 30-க்குக் கீழே போனால் ஆபத்து. இல்லாத வீட்டில் முதலில் நிறுத்துகிற செலவு மாதிரி, உடம்பு மாதவிடாயை நிறுத்துகிறது. அதோடு எலும்பைக் காக்கிற ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, எலும்பு தேய்கிறது, அதுவும் எலும்பு உறுதி சேர்க்க வேண்டிய வயதில். எடை சரியாகத்தானே இருக்கிறது என்கிறார்கள். இவளுக்கும் சரியாகத்தான் இருந்தது!

சக மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை: கருத்தடை மாத்திரை கொடுத்து ரத்தப்போக்கை வரவழைப்பது சிகிச்சை அல்ல. எலும்பு மீளாது, எச்சரிக்கை மணிதான் அணைந்துபோகும்.

எடைக்காக உடம்பை வதைக்கிற ஆபத்து பையன்களுக்கு வராது என்றும் நினைக்காதீர்கள். 1997-இல் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் போட்டி எடைக்காக உடம்பை வற்ற வைத்து, சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே விதிகள் மாறின.

பெற்றோரும் அறைத்தோழர்களும் கவனிக்க வேண்டியவை: எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடாமல் நழுவுவது, சாப்பிட்டதும் பாத்ரூமுக்குப் போவது, யாருக்கும் தெரியாமல் கூடுதலாக ஓடுவது, விரல் முட்டிகளில் தழும்பு (விரலை விட்டு வாந்தி எடுப்பதால் வருவது). திட்டாதீர்கள், தட்டைப் பார்த்துக்கொண்டே உட்காராதீர்கள், கூட்டிக்கொண்டு வாருங்கள். வாந்தி எடுக்கிற பிள்ளை மயங்கி விழுந்தாலோ நெஞ்சு படபடக்கிறது என்றாலோ அன்றைக்கே ஈசிஜியும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். விளையாட்டு வீரருக்கு நாடித்துடிப்பு குறைவாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடக் கூடாது.

மூன்று மாதம் பீரியட்ஸ் வரவில்லையா? கர்ப்பம், தைராய்டு என மற்ற காரணங்களையும் பார்க்க வேண்டும், வாருங்கள். கோச்சுகளே, எல்லோர் முன்னாலும் எடை பார்ப்பதை நிறுத்துங்கள். "ரெண்டு கிலோ குறைச்சா டைமிங் வரும்" என்று நீங்கள் போகிறபோக்கில் சொன்னதை இவள் போன் நோட்டில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறாள். கீழே ஒவ்வொரு நாள் எடையும், கிராம் கணக்கில்.

எப்போது ஓடலாம் என்றுதான் முதலில் கேட்டாள். சாப்பாடு சரியானால் சில வாரங்களில் தெம்பு வரும், மாதவிடாய் திரும்பச் சில மாதங்கள், எலும்புக்கு வருடங்கள் ஆகும் என்றேன். உணவியல் நிபுணரையும் மனநல மருத்துவரையும் பார்க்கச் சம்மதித்திருக்கிறாள். அடுத்த வாரம் அம்மாவோடு வருகிறாள்.