தர ஒப்பாய்வு நெறி: ‘பெஞ்ச்மார்க்கிங்’ சொல்லும் அதன் ஒழுக்கமும்

தன் வேலைமுறையைப் பிறருடையதோடு ஒப்பிட்டுக் கற்பதை வணிகத்தில் ‘பெஞ்ச்மார்க்கிங்’ என்கிறார்கள். அதன் வேரான ‘பெஞ்ச்மார்க்’ நில அளவையில் பிறந்த சொல். 19ஆம் நூற்றாண்டில் நிலத்தின் உயரத்தை அளந்தவர்கள் கல்லிலோ கட்டடச் சுவரிலோ ஒரு கிடைக்கோட்டைச் செதுக்கி வைத்தார்கள். அந்த வெட்டில் கோண இரும்பைச் செருகினால் அளவுகோலை நிறுத்த ஒரு சிறு தாங்கி, அதாவது ‘பெஞ்ச்’, கிடைத்துவிடும். எத்தனை முறை வந்து அளந்தாலும் கோல் அதே உயரத்தில் நிற்கும். இந்தப் பொருளுக்கு ‘மட்டக்குறி’ நன்றாகப் பொருந்துகிறது.

வணிகத்தில் ‘பெஞ்ச்மார்க்கிங்’ என்ற சொல்லை நிலைநிறுத்தியது, நகல் இயந்திரம் தயாரிக்கும் அமெரிக்க நிறுவனமான ஜெராக்ஸ். நகல் இயந்திரத்தைத் தயாரிக்கத் தனக்கு ஆகும் செலவுக்கே ஜப்பானியப் போட்டியாளர்கள் அதை விற்பதைக் கண்ட அந்நிறுவனம், 1979இல் தன் வேலைமுறைகளைப் பிறருடையவற்றோடு ஒப்பிட்டு ஆராயத் தொடங்கியது. கிடங்கு வேலையைக் கற்க அது நாடியது, அஞ்சல்வழி விற்பனையில் பெயர்பெற்ற எல்.எல்.பீன் நிறுவனத்தை. இருவரும் விற்ற பொருள்களுக்குள் எந்தத் தொடர்பும் இல்லை. பொருளை எடுத்துக் கட்டி அனுப்பும் வேலை மட்டும் பொது. போட்டியில்லாத இடத்தில்தான் மனம்திறந்த பேச்சு எளிது.

‘பெஞ்ச்மார்க்கிங்’ என்பதைத் தமிழில் ‘தரப்படுத்தல்’ என்று எழுதுவது எனக்கு ஏற்புடையதல்ல. அது எல்லாரையும் ஒரே தரத்துக்குக் கொண்டுவருவதையோ வரிசைப்படுத்துவதையோ குறிக்கும். வெறும் ‘ஒப்பீடு’ என்றால் எண்களை அருகருகே வைப்பதோடு நின்றுவிடுகிறது. அந்த எண் எப்படி வந்தது என்ற தேடல் அதில் இல்லை. ‘தர ஒப்பாய்வு’ என்பதே சரி. அதற்குரிய ஒழுக்கத்தைத் ‘தர ஒப்பாய்வு நெறி’ எனலாம்.

அப்படியொரு நெறி எழுத்திலேயே இருக்கிறது. அமெரிக்க உற்பத்தித்திறன், தர மையம் வெளியிட்ட நடத்தை நெறியைப் பல நாட்டு நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. சட்டத்துக்கு உட்படுதல், பரிமாற்றம், மறைகாப்பு, பயன்பாடு, தொடர்புமுறை, முன்தயாரிப்பு ஆகியவை அதன் கூறுகளில் சில. அதன் உயிர்நாடி பரிமாற்றம்தான்: நீங்கள் கொடுக்கத் தயங்கும் தகவலை மற்றவரிடம் கேட்காதீர்கள். உங்கள் குறைபாட்டு விகிதத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு அவர்களுடையதைக் கேட்பது கற்றல் ஆகாது. மாணவர் என்றோ வாடிக்கையாளர் என்றோ பொய்சொல்லித் தகவல் திரட்டுவது உளவு. அதை ஒப்பாய்வு என்று அழைப்பது அந்தச் சொல்லுக்கே இழுக்கு.

மறைகாப்பையும் பலர் குறுக்கிப் புரிந்துகொள்கிறார்கள். கிடைத்த தகவல் மட்டுமல்ல, இன்ன நிறுவனம் ஆய்வில் பங்கேற்றது என்பதையும் அதன் ஒப்புதலின்றி வெளியே சொல்லக் கூடாது. வேலைமுறையை மேம்படுத்தப் பெற்றதை விளம்பரத்துக்கு எடுத்தாள்வதும் தவறு.

நேரடிப் போட்டியாளர்கள் என்றால் எச்சரிக்கை இன்னும் கூடவேண்டும். விலை, விலையைத் தீர்மானிக்கும் செலவு, சந்தையைப் பங்கிடுதல் பற்றிய பேச்சு, நல்ல நோக்கத்தில் தொடங்கினாலும், பல நாடுகளின் போட்டிச் சட்டங்களில் குற்றமாகக்கூடும். எனவே, சட்ட ஆலோசனை பெற்று, நடுநிலையான மூன்றாம் தரப்பிடம் தரவை ஒப்படைப்பார்கள். அந்த மூன்றாம் தரப்பினர் நிறுவனங்களின் பெயர்களை நீக்கி, எந்த எண் எவருடையது என்று ஊகிக்க முடியாதபடி தொகுத்துத் தருவார். பங்கேற்பவர்கள் இருவர் மட்டுமே என்றால் இந்த ஏற்பாடும் உதவாது. தன் எண்ணைக் கழித்தால் மிஞ்சுவது மற்றவருடையதுதானே.